திருவாதிரையும் மைக்ரானும்

ஊத்தங்கரை,
மார்கழி மாதம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். போன ஞாயிறு போனில் நீ கேட்டதற்கு அப்போதே ஏதாவது சொல்லி வைத்திருப்பேன். உனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அவசரத்தில் பேசி முடிக்கிற விஷயமும் இல்லை அது. அதனால்தான் கடிதம். சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து படி.

நீ கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அண்டத்தைப் பற்றி வீடியோ வீடியோவாகப் பார்த்தேன், இவ்வளவு பெரிதில் பூமியே ஒரு புள்ளி, அதில் நான் எந்த மூலை, நான் கும்பிடுவது யார் காதில் விழப்போகிறது, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பார்ட் செக் செய்து தள்ளுவதால் என்ன ஆகப்போகிறது என்று கேட்டாய். ஓசூர் மலைக்கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டேன் என்றாய். உங்கள் அப்பாவிடம் சொன்னால் திட்டுவார் என்று என்னிடம் சொன்னாய். சொன்னதற்குச் சந்தோஷம்.

முதலில் ஒன்று. இந்தக் கலக்கம் வந்ததற்காக நீ பயப்பட வேண்டாம். சாமி நம்பிக்கை குறைந்துபோனதாகவும் நினைக்காதே. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதன் ஒளி நம்மிடம் வந்து சேர 8 நிமிடம் 20 விநாடி ஆகிறது. அதற்கடுத்துப் பக்கத்தில் இருக்கிற நட்சத்திரத்தின் ஒளிக்கு நாலே கால் ஆண்டு. நம் பால்வீதியை ஒளி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கடக்க ஏறக்குறைய 1 லட்சம் ஆண்டு. பக்கத்துப் பெரிய மண்டலமான ஆண்ட்ரோமெடாவிலிருந்து இங்கே வர 25 லட்சம் ஆண்டு. இதைக் கேட்டு நெஞ்சு ஒரு முறை ஆடாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆனால் நீ இதையெல்லாம் பார்த்த விதம் சரியில்லை. இருட்டறையில், படுத்தபடி, நாலு நிமிட வீடியோவில், பயமுறுத்துகிற இசையோடு பார்த்திருக்கிறாய். தலைக்கு மேலே இருப்பதைப் பார்க்கவில்லை. நீ இருக்கிற ஜூஜுவாடியில் அது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். மொட்டை மாடிக்கு ஏறினால் ஒரு பக்கம் சிப்காட் ஷெட்டுகள், இன்னொரு பக்கம் ஹைவே, செக்போஸ்ட்டில் வரிசை கட்டி நிற்கிற லாரிகள். அந்தப் பக்கம் அத்திப்பள்ளி வந்துவிடும், கர்நாடகா. இரண்டு மாநிலத்து விளக்கும் சேர்ந்து ராத்திரி முழுக்க வானத்தை வெளுக்க வைத்திருக்கும். பால்வீதி அங்கே தெரியாது. ஆனாலும் ஒன்று தெரியும், அதைப் பார்.

இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்ததும் மாடிக்குப் போ. இந்த மாதத்தில் அந்த நேரத்துக்கு உச்சிக்குச் சற்றுத் தெற்கே மூன்று நட்சத்திரங்கள் ஒரே கோட்டில் நிற்கும். அவற்றுக்கு வடக்கே கொஞ்சம் தள்ளி, செம்பு நிறத்தில் ஒன்று மின்னும். அதுதான் திருவாதிரை. ஊர் விளக்கு எவ்வளவு இருந்தாலும் அது மறையாது. அந்த நட்சத்திரத்தைச் சூரியன் இருக்கிற இடத்தில் வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் அதன் வயிற்றுக்குள் போய்விடும். அது 500 முதல் 700 ஒளியாண்டு தொலைவில் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் இன்றைக்கு உன் கண்ணில் படுகிற ஒளி, விஜயநகர அரசர்கள் இந்தப் பக்கமெல்லாம் ஆண்ட காலத்தில் அங்கிருந்து கிளம்பியது. 2019 கடைசியிலிருந்து 2020 தொடக்கம் வரை அது வெறுங்கண்ணுக்கே தெரியும்படி மங்கிப்போனது. வெடிக்கப்போகிறதோ என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். கடைசியில், அதுவே கக்கிய தூசி அதன் முகத்தை மறைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

இந்தச் சிவப்பு நட்சத்திரத்தைத்தான் நம் ஆட்கள் ஆடுகிற சாமிக்கு உரியதாக வைத்தார்கள். மார்கழியில் தில்லையில் ஆருத்ரா தரிசனம் நடப்பது இதன் பெயரில்தான். வானத்தையும் கோயிலையும் தனித்தனியாகப் பார்க்கிற வழக்கம் நமக்கு இருந்ததில்லை பாப்பா. வீடியோ பார்க்க ஆரம்பித்த பிறகு நீதான் இரண்டையும் பிரித்துவிட்டாய்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உனக்கு வந்த கேள்வி ஆயிரம் ஆண்டுக்கும் முன்னால் ஒருவருக்கு வந்திருக்கிறது. மாணிக்கவாசகர். பாண்டியனிடம் அமைச்சராக இருந்தவர், குதிரை வாங்கப் பணத்தோடு போனவர் என்று சொல்வார்கள். கணக்கு வழக்குத் தெரிந்த மனுஷன். திருவாசகத்தில் திருவண்டப்பகுதி என்று ஒரு பகுதி, 182 அடி. தில்லையில் பாடியது. அதன் தொடக்கத்திலேயே அண்டங்களை எண்ணப் போகிறார். நூற்றொரு கோடிக்கு மேலே விரிந்து கிடக்கின்றன என்கிறார். அவ்வளவையும் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் நுழைகிற வெயில் கீற்றில் மிதக்கிற தூசியைக் காட்டுகிறார். அத்தனை அண்டமும் அந்தத் தூசி மாதிரி சிறுத்துப்போகும்படி சிவன் பெரியவனாக இருக்கிறான் என்கிறார்.

ஊரில் நம் பழைய ஓட்டு வீட்டில் நீ பார்த்திருக்கிறாய். கூரையில் ஒரு ஓடு விலகியிருக்கும், காலை வெயில் கம்பு மாதிரி சாய்வாக இறங்கும், அதற்குள்ளே மட்டும் தூசி மினுமினுத்துக்கொண்டு மேலும் கீழும் போகும். அதைத்தான் சொல்கிறார்.

இதை எடுத்துக்கொண்டு, நம் முன்னோர்களுக்கு அப்போதே எல்லாம் தெரியும் என்று குரூப்பில் ஃபார்வர்ட் செய்யாதே. அவர் கையில் டெலஸ்கோப் இல்லை. நூற்றொரு கோடி என்பது எண்ணி மாளாது என்பதற்கு அவர் போட்ட எண். இன்றைய கணக்கில் பால்வீதியில் மட்டுமே குறைந்தது 10,000 கோடி நட்சத்திரங்கள். அவர் சொன்ன எண்ணையும் இந்த எண்ணையும் பொருத்திப் பார்ப்பது அவருக்கும் மரியாதை இல்லை, விஞ்ஞானிகளுக்கும் மரியாதை இல்லை. அவர் செய்தது வேறு வேலை. அண்டம் பெரிது என்ற எண்ணத்தோடு ஒரு மனுஷன் எப்படி வாழ்வது என்று பார்த்தார்.

அந்தத் தூசியை நான் பல காலம் மனதில் வைத்துப் புரட்டியிருக்கிறேன். எனக்குப் புரிந்தது இது. ஒரு நட்சத்திர மண்டலமே அவன் முன்னால் தூசி என்றால், பெரிது என்று சொல்லிக்கொள்கிற தகுதி யாருக்குமே இல்லாமல் போகிறது. ஆண்ட்ரோமெடாவும் தூசி, நீயும் தூசி. இரண்டு பேரும் ஒரே வரிசை. உன்னைவிட அதற்கு அவனிடத்தில் ஒரு இம்மியும் கூடுதல் இடம் கிடையாது. நீ உன்னைப் பால்வீதியோடு அளந்து பார்த்துத்தான் குறுகிப்போனாய். அளக்கவேண்டிய இடத்தில் அளந்தால் பால்வீதியும் உன்னோடு வந்து நின்றுவிடும்.

இன்னொன்றும் கேட்டாயே, இவ்வளவு பெரியவனுக்கு என் குரல் எப்படிக் கேட்கும் என்று. பெரிய முதலாளிக்கு லைனில் நிற்கிற பெண்ணின் பெயர் தெரியாது, நிஜம்தான். அது அவருடைய பெருமையால் அல்ல. அவர் ஒரு மனுஷன், அவ்வளவு பேரை நினைவில் வைக்க அவரால் முடியாது. சின்னதைக் கவனிக்க முடியாமல் போவது குறை. அந்தக் குறையைக் கொண்டுபோய் எல்லையில்லாதவன் மேல் ஏற்றுகிறாயே! எல்லையில்லை என்றால் பெரிய பக்கத்தில் மட்டுமா எல்லையில்லை? மாணிக்கவாசகர் அதே பாட்டில் அண்டத்திலிருந்து அப்படியே இறங்கி வருகிறார். கடைசிப் பக்கமெல்லாம் தன் உடம்பு, தன் எலும்பு, அதற்குள்ளே அமுதம் நிரம்பியது என்றுதான் பேசுகிறார். அண்டத்தில் தொடங்கியவர் தன் எலும்புத் துளை வரைக்கும் வந்துவிட்டார். அவன் அங்கே வரைக்கும் வந்தான் என்பதுதான் அவர் சொன்ன சாட்சி. அதை நான் நம்புகிறேன்.

சரி, வேலை. பார்ட் செக் செய்து என்ன ஆகப்போகிறது என்றாயே, அந்த வார்த்தை எனக்குத் தைத்தது. ஓசூரில் டூல் ரூமில் என் வாழ்க்கையின் பெரும்பகுதி இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில்தான் போனது. அளவு ஒப்பிடுகிற எஃகுத் துண்டான ஸ்லிப் கேஜை வெறும் கையால் எடுக்கக்கூடாது என்று உனக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஏன் என்று சொன்னார்களா? அளவு ரூமை 20 டிகிரியில் வைக்கிறோம். 100 மில்லிமீட்டர் எஃகுத் துண்டு ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மைக்ரானுக்குச் சற்று மேலே நீண்டுவிடும். உன் விரல் சூடு போதும், அளவு பொய்யாகிவிடும். தலைமுடியின் கனத்தில் எழுபதில் ஒரு பங்குக்காக ஒரு மனுஷன் கையுறை போட்டு, மூச்சை அடக்கி நிற்பது. இது சின்ன வேலை என்று சொல்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியாது.

இந்தச் சின்னதுக்கும் அந்தப் பெரியதுக்கும் என்ன உறவு என்று தெரிய வேண்டுமானால் காவலூர் வானாய்வகத்தைப் பார்க்க வேண்டும். எங்கோ இல்லை, நம் பக்கம்தான். திருப்பத்தூர் தாண்டி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் வரும். வைனு பாப்பு என்ற வானியல் அறிஞர் இருட்டான வானம் தேடி அலைந்து அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் வடக்கு வானம், தெற்கு வானம் இரண்டும் அங்கிருந்து கிடைக்கும். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கினார்கள். பிறகு 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதற்கும் பிறகு 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரியது ஒன்றை நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டினார்கள். அதைப் பார்க்க பாப்பு உயிரோடு இல்லை, 1982இல் காலமாகிவிட்டார். 1986இல் அந்த ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

அந்த மாதிரிக் கண்ணாடியை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? தேய்ப்பார்கள், அளப்பார்கள், மறுபடியும் தேய்ப்பார்கள். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நடக்கும். வளைவு ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட விலகக்கூடாது. விலகினால் நட்சத்திரம் கலங்கிவிடும். இதைச் செய்தவர்களில் விஞ்ஞானியும் உண்டு, உன்னையும் என்னையும் போல அளவு பார்க்கிற ஆட்களும் உண்டு. கோடானு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதைக் காட்டுகிற கண்ணாடி, நாம் மேஜையில் பார்க்கிற அளவுக்கும் கீழே போய்ப் பார்த்தவர்களால் வந்தது.

1977 மார்ச் 10ஆம் தேதி ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் போகப்போகிறது என்று உலகம் முழுக்கக் காத்திருந்தார்கள். காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் வானியலாளர்கள் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் கவனித்துக்கொண்டிருந்தார்கள். கிரகம் மறைக்கவேண்டிய நேரத்துக்கு முன்பே அந்த நட்சத்திரம் சில விநாடிகள் மங்கித் திரும்பியது. மேகம், கருவிக் கோளாறு என்று ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை, பதிவுசெய்து வெளியிட்டார்கள். யுரேனஸுக்கு இன்னொரு துணைக்கோள் இருக்கலாம் என்றுதான் முதலில் எழுதினார்கள். அதே ராத்திரி அமெரிக்கர்கள் ஒரு விமானத்தில் தொலைநோக்கியை வைத்து இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்தபடி பார்த்ததில் இப்படிப் பல மங்கல்கள் பதிவாகியிருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. 250 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால், 100 கிலோமீட்டர்கூட அகலமில்லாத ஒரு வளையம், நம் ஜவ்வாது மலையில் சில விநாடி மங்கலாக வந்து நின்றது. அந்தச் சில விநாடியைத் தள்ளிவிடாத மனசு இருக்கிறதே, அதைப் பக்தி என்றுதான் நான் சொல்வேன்.

ஆகவே, தடையில்லாமல் நுழையவேண்டிய கோ கேஜ் கொஞ்சம் பிடிக்கிறது, இருந்தாலும் ஓகே போட்டுவிடலாம் என்று தோன்றும்போது போடாதே. அதைப் பார்க்க யாரும் இல்லாவிட்டாலும் போடாதே.

இன்னொரு விஷயம், இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அண்டத்துக்கு முன்னால் நான் சின்னவள் என்ற நினைப்பு சாமிக்கு முன்னால் இருக்கட்டும். சூப்பர்வைசர் முன்னால் வேண்டாம். ஓவர்டைம் கணக்கில் குறைத்தால் கேள். ஹாஸ்டல் பஸ்ஸில் யாராவது தவறாக நடந்தால் கத்து. ‘எல்லாம் தூசிதானே, என்னவோ போகட்டும்’ என்று விட்டுக்கொடுப்பது ஆன்மிகம் ஆகாது. எல்லோரும் ஒரே தூசி என்றால் அந்த சூப்பர்வைசரும் தூசிதான். உன்னைவிட மேலே நிற்பதற்கு அவருக்கும் இடமில்லை.

மலைக்கோயிலுக்குப் போ. சந்திரசூடேஸ்வரர் தலையில் நிலாவை வைத்திருக்கிறார். அந்த நிலா 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று தெரிந்துகொண்டே கும்பிடு, ஒன்றும் குறையாது. படியேறி முடித்த உடனே வேண்டுதல் பட்டியலை எடுக்காதே. கொஞ்ச நேரம் சும்மா நின்று கீழே ஓசூரைப் பார், மேலே வானத்தைப் பார். அந்த அமைதியில் கேட்கத் தோன்றுவதைக் கேள். வேண்டிக்கொள்ள எதுவும் வராவிட்டால் அப்படியே இறங்கி வா.

தூங்கப் போகும் முன் அந்த வீடியோக்களை நிறுத்திவிடு. வானத்தைப் பற்றிப் படிக்க ஆசையிருந்தால் நல்ல புத்தகம் வாங்கித் தருகிறேன்.

தை மாதம் பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு இங்கே வந்துவிடு. காவலூரில் சனிக்கிழமை சாயங்காலம் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள், மேகம் இல்லாவிட்டால் வானத்தையும் காட்டுவார்கள். பெரியம்மாவும் வருகிறேன் என்கிறாள். மலையில் குளிரும், ஸ்வெட்டரை மறக்காமல் எடுத்து வா. எந்த வாரம் லீவு கிடைக்கும் என்று போன் செய்து சொல், நான் வண்டிக்கு ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா