அரை யூனிட் எம்-சாண்ட் எத்தனை கிலோ? லோடு ஏற்றும் முன் கணக்குப் போடுங்க!

குலசேகரன்பட்டினத்தில் வீட்டு வேலைக்கு அரை யூனிட் எம்-சாண்ட் வாங்கப் போறீங்களா? "குட்டி யானையில ஒரே நடையில ஏத்திடலாம்" என்று யாராவது சொன்னால், முதலில் இந்தக் கணக்கைப் பாருங்க.

1. எடை: ஒரு யூனிட் என்பது 100 கன அடி. காய்ந்த எம்-சாண்ட் ஒரு கன அடி சுமார் 45 கிலோ. முக்கால் இஞ்ச் ஜல்லி சுமார் 42 கிலோ. அரை யூனிட் எம்-சாண்ட் சுமார் 2,250 கிலோ. மழையில் நனைந்திருந்தால் இன்னும் கூடும்.

2. வண்டி: எம்-பரிவாகன் அல்லது டிஜிலாக்கர் செயலியில் உள்ள ஆர்.சி.யைக் காட்டச் சொல்லுங்க. மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் வண்டி தாங்கும் அளவு. ஓட்டுநர், உடன் வருபவர் எடையும் அதில் அடக்கம்.

3. நடை: 750 கிலோ சரக்கு ஏற்றும் வண்டிக்கு மூன்று நடை, 1.7 டன் பிக்கப்புக்கு இரண்டு நடை.

"பின்னாடி இன்னும் இடம் இருக்கே"ன்னு நிரப்பாதீங்க. 7 அடி நீளம், 5 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியில் 35 கன அடி பிடிக்கும். அதுவே சுமார் 1,575 கிலோ. 750 கிலோ வண்டிக்கு இரண்டு மடங்கு!

அதிக பாரம் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆவது பிரிவின்படி ரூ.20,000 அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000. மிகுதியை இறக்கும் செலவும் தனி. அபராதத்தைக் கட்டிவிடலாம், பிரேக் பிடிக்காமல் போனால் உயிரைத் திருப்பி வாங்க முடியாதுங்க.