யார் கைக்கு இந்த போன்?

போன வருஷம் அம்மாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தேன். கேமரா, பேட்டரி, நிறம் எல்லாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. வீட்டுக்கு வந்து அம்மா விரலை வைத்தால் திறக்கவில்லை. திரைக்கு அடியிலேயே கைரேகை பார்க்கும் வகை அது. நாற்பது வருஷம் பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை மழுங்கிப் போயிருந்தது. ரேஷன் கடையிலும் அம்மா விரலைப் புடவையில் துடைத்துத் துடைத்து இரண்டு மூன்று தடவை வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். போன் வாங்கும்போது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. யார் கை, என்ன வேலை, எந்த ஊர் என்று பார்க்காமல் எந்த போனையும் நல்ல போன் என்று சொல்ல முடியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதன் பிறகு சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தினர் எனப் பலருக்கு போன் வாங்கக் கூடப் போயிருக்கிறேன். அப்படிச் சேர்ந்த குறிப்புகள் இவை.

1. கடைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே இப்போதுள்ள போனைக் கவனியுங்கள். ஆண்ட்ராய்டு போன்களின் செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்று ஒரு பகுதி இருக்கும். எந்த ஆப்பில் எத்தனை மணி நேரம் போகிறது என்று அது காட்டும். வாட்ஸ்அப், யூடியூப், பணம் அனுப்பும் ஆப், பிள்ளைகளின் பள்ளிக் குழு, இவ்வளவுதான் உங்கள் பட்டியல் என்றால் விளையாட்டுக்கென்றே செய்த வேகமான சிப்புக்குக் கூடுதலாகப் பத்தாயிரம் கொடுக்க வேண்டியதில்லை. இப்போதைய போனில் உங்களைத் தொல்லைப்படுத்தும் மூன்று குறைகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் விற்பனையாளர் எதைச் சொன்னாலும் அந்தத் தாளை வைத்தே கேள்வி கேளுங்கள்.

2. போனைப் பயன்படுத்தப் போகிறவரையே கடைக்கு அழைத்துப் போங்கள். டெமோ போனில் அவர் விரலைப் பதியச் சொல்லி, நாலைந்து தடவை திறந்து பாருங்கள். பாத்திரம், துணி, சிமென்ட், வயல் வேலை என்று கை தேய்ந்தவர்களுக்குப் பக்கவாட்டுப் பொத்தானில் கைரேகை பார்க்கும் போன் பெரும்பாலும் ஒத்துவருகிறது. விரல் தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதும் ஒரு சௌகரியம். ஒரே விரலை இரண்டு தடவை பதிந்து வைத்தால் திறப்பது இன்னும் எளிது. அதற்கும் மசியவில்லையா, ஆறு இலக்க ரகசிய எண் போதும். பூட்டே இல்லாமல் மட்டும் விடாதீர்கள். வங்கிக் கணக்கு உள்ளே இருக்கிறது.

3. எடையைக் கையில் தூக்கிப் பாருங்கள். இன்றைய போன்கள் பலவும் 190 முதல் 220 கிராம் வரை இருக்கின்றன. உறையும் கண்ணாடியும் போட்டால் இன்னும் கூடும். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையின் கட்டைவிரலால் மேல் மூலையைத் தொட முடிகிறதா என்று கடையிலேயே நின்று பார்த்துவிடலாம்.

4. கடையின் ஏசி அறையில் எந்தத் திரையும் அழகாகத்தான் தெரியும். கேட்டுக்கொண்டு வாசல் வரை எடுத்து வந்து வெயிலில் பாருங்கள். டீக்கடையில், காய்கறிச் சந்தையில் கியூஆர் கோடு பிடித்துப் பணம் அனுப்புவது அந்த வெளிச்சத்தில்தானே! ஆமோலெட் திரையில் கறுப்பு நல்ல கறுப்பாகவும் நிறங்கள் அழுத்தமாகவும் இருக்கும். ஆனால் வெளிச்சத்தைக் குறைத்து இரவில் படிக்கும்போது அதன் நுண்ணிய துடிப்பால் தலைவலிக்கிறது என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு எல்சிடி திரையே மேல். விளம்பரத்தில் போடும் 'பீக் பிரைட்னஸ்' எண் திரையின் ஒரு சிறு பகுதி ஒளிரும்போது அளந்தது; முழுத் திரையும் அப்படி ஒளிராது. பெரியவர்களுக்கு என்றால் எழுத்தை மிகப் பெரிய அளவுக்கு மாற்றி, பொத்தான்களின் பெயர்கள் பாதியில் அறுபடாமல் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

5. பேட்டரி 5000 எம்ஏஎச் இருந்தால் சாதாரண உபயோகத்துக்கு ஒரு நாள் தாராளமாக வரும். இப்போது 6000, 7000 என்றும் வருகின்றன. மின்தடை அடிக்கடி வரும் ஊர்களுக்கு அது வீண் செலவல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா மாவட்டங்களில் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. டிராக்டர் பேட்டரியிலும் ஜெனரேட்டரிலும் போனுக்கு சார்ஜ் ஏற்றியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அதே அளவு முக்கியமானது, பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்பது. பல நிறுவனங்கள் கேபிளை மட்டும் வைக்கின்றன. '67 வாட் வேகம்' என்று எழுதியிருந்தாலும் உங்கள் வீட்டுப் பழைய 10 வாட் சார்ஜரில் போட்டால் அந்த வேகம் வராது. சார்ஜர் விலையையும் சேர்த்துத்தான் போனின் விலை. இன்னொன்று: தலையணைக்கு அடியிலோ மெத்தை மேலோ வைத்து சார்ஜ் ஏற்றாதீர்கள். பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது சூடுதான். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டு வையுங்கள்.

6. சேமிப்பு இடம் 128 ஜிபிக்குக் குறைந்து வேண்டாம். போனின் சொந்த மென்பொருளே அதில் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மீதியைக் குடும்பக் குழுவின் காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் பார்த்துக்கொள்ளும். ரேம் 6 ஜிபி போதும், 8 இருந்தால் நல்லது. '8 பிளஸ் 8, மொத்தம் 16' என்று சொன்னால் இரண்டாவது எட்டு நிஜ ரேம் அல்ல, சேமிப்பிலிருந்து கடன் வாங்கியது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடைக்காரர் தானாகச் சொல்லாத ஒரு விஷயமும் உண்டு. சேமிப்பு 'யுஎஃப்எஸ்' வகையா, 'இஎம்எம்சி' வகையா என்று கேளுங்கள். இரண்டாவது மெதுவானது, மலிவு போன்களில் வருவது. வாங்கிய ஒரு வருஷத்தில் போன் திணறுவதற்கு ரேமை விட இதுவே காரணமாக இருப்பதுண்டு.

7. மெமரி கார்டு போடலாம் என்றால், இரண்டு சிம்மும் போட்ட பிறகு போடலாமா என்று கேளுங்கள். பல போன்களில் இரண்டாவது சிம்மின் இடத்தில்தான் கார்டு உட்காரும்.

8. கேமராவில் மெகாபிக்ஸல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 50 மெகாபிக்ஸல் கேமராக்கள் பலவும் நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துச் சுமார் 12 மெகாபிக்ஸல் படத்தைத்தான் தருகின்றன. அது குறையல்ல, மங்கிய வெளிச்சத்தில் படம் தெளிவாக வர அப்படிச் செய்கிறார்கள். ஆனால் பின்னால் மூன்று கண் இருக்க, அதில் ஒன்று 2 மெகாபிக்ஸல் என்றால் அது பெரும்பாலும் அலங்காரத்துக்கு. கடையில் மூன்று படம் எடுங்கள்: பொடி எழுத்து உள்ள ஒரு பில், ஆடிக்கொண்டே நடந்து வரும் ஒருவர், விளக்கு குறைந்த மூலை. நம் வீட்டில் எடுக்கும் படங்கள் இந்த மூன்றுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். சான்றிதழ், குழந்தை, சாமி அறை. கை நடுக்கம் உள்ளவர்களுக்கு 'ஓஐஎஸ்' என்ற நடுக்கம் தாங்கும் லென்ஸ் மிக உதவி. அதே லென்ஸ் உள்ள போனை மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் நேரடியாக மாட்டி ஓட்டாதீர்கள். எஞ்சின் அதிர்வால் கேமரா கெடலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது.

9. எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்பதை விலைக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டும். எனக்கு இதில் சமரசமே கிடையாது. அப்டேட் நின்ற போனில் வங்கி வேலை பார்ப்பது தாழ்ப்பாள் தளர்ந்த கதவு மாதிரி. கூகுள் பிக்ஸல் 8, சாம்சங் எஸ்24 வரிசைகளுக்கு 7 வருஷம் என்று அந்த நிறுவனங்கள் அறிவித்தன. நடுத்தர விலையில் கேலக்ஸி ஏ16 5ஜி போனுக்கு 6 வருஷம். சில மலிவு போன்களுக்கு இரண்டே வருஷம்தான். இந்தக் கணக்கு போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. 'ஆஃபரில்' கிடைக்கும் இரண்டு வருஷப் பழைய மாடலுக்கு அந்த இரண்டைக் கழித்துவிட்டு, மீதமுள்ள வருஷங்களால் விலையை வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தெரிந்தது மலிவில்லை என்று பல தடவை புரியும்.

10. இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. போனில் 5ஜி இருப்பது நல்லதே. ஆனால் உங்கள் வீட்டுக்குள் எந்த சிம்முக்குச் சிக்னல் வருகிறது என்பதே முதல் கேள்வி. தடித்த சுவருள்ள பழைய வீடுகளில் பேச்சு அறுந்து அறுந்து போகும். அங்கே பிராட்பேண்ட் இருந்தால் 'வைஃபை காலிங்' வசதி உள்ள போன் பெரிய நிம்மதி.

11. வெளிநாட்டிலிருந்து மகனோ மகளோ வாங்கி வரும் போனுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில், 2022-ல் வந்த ஐபோன் 14 முதல், சிம் போடும் துளையே கிடையாது, இ-சிம் மட்டுமே. அவர்கள் வாங்குவதற்கு முன்பே உங்கள் சிம்மை இ-சிம்மாக மாற்ற முடியுமா, உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று விசாரித்துச் சொல்லிவிடுங்கள்.

12. விளம்பரத்தில் வராத சில்லறை விஷயங்கள் சில. திசைகாட்டி உணரி இல்லாத போனில் மேப்பைத் திறந்து நின்றால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியாது; டெலிவரி வேலை பார்க்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். எஃப்எம் ரேடியோ இணையம் இல்லாமலே கேட்கும், புயல் நாளில் துணை; 2023-ல் மத்திய அரசே அந்த வசதியை முடக்க வேண்டாம் என்று போன் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அதைக் கேட்க ஒயர் உள்ள ஹெட்செட் வேண்டும், அதன் ஒயர்தான் ஆன்டெனா. ஆகவே ஹெட்போன் துளையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

13. 'ஐபி' எண்ணின் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி54 என்றால் சாரல், தெறிப்பு தாங்கும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிஷம். சோப்புத் தண்ணீர், கடல் தண்ணீர் இந்தச் சோதனையில் சேராது. தண்ணீர் புகுந்து கெட்டால் பெரும்பாலும் உத்தரவாதமும் கிடைக்காது. சமையலறைத் திண்டில் வைத்துச் சமையல் வீடியோ பார்க்க ஐபி54 போதும்.

14. தமிழில் தட்டச்சு செய்து பாருங்கள். செல்லினம் என்ற ஆப்பில் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு அது. பழகிவிட்டால் ஆங்கில எழுத்தில் 'அம்மா' அடிப்பதை விட வேகம். எழுதத் தயங்கும் பெரியவர்களுக்கு மைக்கைத் தொட்டுப் பேசினால் தமிழில் எழுத்தாகும் வசதியைக் கடையிலேயே போட்டுக் காட்டுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா பேத்திக்கு முதல் செய்தி அனுப்பியது அப்படித்தான்.

15. வாங்கும் முன், அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கிறதா என்று பாருங்கள். திரை உடைந்தால் மாற்ற என்ன ஆகும் என்று அங்கே போன் செய்து கேளுங்கள். போன் விலையில் பாதியைச் சொல்கிற மாடல்களும் உண்டு.

16. பணம் கொடுக்கும் முன் பெட்டியில் அச்சிட்ட ஐஎம்இஐ எண், பில்லில் உள்ள எண், போனில் *#06# அழுத்தினால் வரும் எண் மூன்றும் ஒன்றா என்று சரிபாருங்கள். செகண்ட் ஹேண்ட் போனுக்கு இது இன்னும் முக்கியம். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு 15 இலக்க ஐஎம்இஐ எண் என்று அடித்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த போனின் நிலையைச் சொல்லும். திருட்டுப் பட்டியலில் இருந்தாலோ, எண் போலி என்று வந்தாலோ தொடாதீர்கள். எம்ஆர்பியில் 18 சதவீத ஜிஎஸ்டி ஏற்கெனவே அடக்கம். 'பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்' என்ற பேச்சுக்கு இணங்கினால் உத்தரவாதமும் போகும், புகார் செய்யவும் வழியிருக்காது. பில் கையில் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

17. வட்டியில்லாத் தவணையிலும் 'பிராசஸிங்' கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் இருக்கலாம். மொத்தம் எவ்வளவு கட்டுவோம் என்று ஒரே எண்ணாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

18. புது போன் வந்த அன்றே பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். இயன்றால் ஒரு வாரம் வைத்திருங்கள். முதலில் வாட்ஸ்அப்பை மாற்றுங்கள், பிறகு படங்கள், பிறகு வங்கி ஆப்கள். எல்லாம் வந்த பிறகு பழைய போனில் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, கடைசியாக முழுதும் அழிக்கும் 'ஃபேக்டரி ரீசெட்'. அழிக்கும் முன் புது போனில் பழைய குரல் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுப் பாருங்கள். பட்டியலில் தெரியும், ஆனால் பாடாது. அப்படிச் சிலது இருக்கும். என் அத்தையின் போனில் மாமா கடைசியாக அனுப்பிய, 'மாத்திரை போட்டியா?' என்று கேட்கும் ஆறு நொடிப் பதிவு அப்படித்தான் வராமல் நின்றது. பழைய போன் கையில் இருந்ததால் அதை எடுத்துத் தனியாக அனுப்பி வைக்க முடிந்தது.