சுழலும் பிட்டும் அதன் கோளாறுகளும்
சி.என்.சி. மரச் செதுக்கு இயந்திரம் வைத்திருப்போருக்கு ஒரு பாடம்

கதவு, நிலை, பூசை மாடம், ஊஞ்சற் பலகை ஆகியவற்றில் பூ வேலை செய்யும் சிறிய சி.என்.சி. இயந்திரங்கள் இன்று நகரங்களோடு நின்றுவிடாமல் ஊராட்சிகளிலுள்ள தச்சுக் கூடங்களுக்கும் வந்து சேர்ந்துள்ளன. பரம்பரையாக உளி பிடித்த தச்சர்களும், உழவுக்கு இடைப்பட்ட மாதங்களில் வேறு வருவாய் தேடும் இளைஞர்களும் கடன் பெற்று இவற்றை வாங்குகின்றனர். சில திங்கள் சென்றதும் பிட் நழுவுகிறது, மரம் கருகுகிறது, அல்லது வேலையின் நடுவே சுழற்சியே நின்றுவிடுகிறது. உடனே கணினியின்மீது ஐயம் எழுகிறது. நகரத்திலிருந்து பழுது பார்ப்பவர் வரும் வரையில் கூடம் மூடிக் கிடக்கிறது. கடன் தவணையோ அவருக்காகக் காத்திராது.

எமது வட்டாரத்துக் கூடங்களிற் கண்டவரையில், இக்கோளாறுகளுட் பெரும்பாலானவை கணினியிலே தோன்றுவன அல்ல. பிட்டைப் பிடித்திருக்கும் இடத்திலே தோன்றுவன. ஆதலால் கீழிருந்து மேலாகச் சோதித்துச் செல்லுதல் வேண்டும். முதலில் பிட், பிறகு அதன் பிடி, பிறகு வேகம், அதற்கும் பிறகே மின்சாரமும் கணினியும்.

சோதனையைத் தொடங்கு முன்னர்ச் சுவரிலுள்ள மெயின் சுவிட்சை அணைத்துவிடுதல் கட்டாயம். திரையில் நிறுத்தக் கட்டளை கொடுத்தால் போதும் என்று எண்ணிக் கையை நீட்டுவது பேராபத்து. வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எப்.டி. பெட்டிக்குள் மின்சாரத்தை அணைத்த பின்னும் சில நிமிடங்கள் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதனைத் திறக்கும் வேலை மின் பணியாளருக்கே உரியது.

பிடி தளர்தல்

சுழலும் மோட்டாருக்கு ஸ்பின்டில் என்று பெயர். அதன் முனையில், பிளவுகள் பல கொண்ட எஃகுக் குழல் ஒன்று உண்டு, இதுவே காலெட். நட்டை இறுக்கும்போது காலெட் சுருங்கிப் பிட்டின் தண்டைக் கவ்விக்கொள்கிறது. இந்தக் கவ்வுதல் குறைந்தால் மற்றவை எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

பிடி தளர்ந்ததற்கு அடையாளம் யாது? செதுக்கு வேலை தொடக்கத்தில் அளவாக இருந்து, போகப் போக ஆழமாகிக் கொண்டே செல்லும். தூளை மேல்நோக்கி வாரும் திருகு பிட், வெட்டும்போது தன்னைத் தானே கீழே இழுத்துக்கொள்வதால் இவ்வாறு நேர்கிறது. இதனைக் கணினியின் பிழை என்று கருதி அளவுகளைத் திருத்தி, நல்ல தேக்குப் பலகைகளைப் பாழாக்கியவர்கள் உண்டு. சோதிக்கும் முறை எளிது. காலெட்டின் விளிம்பையொட்டிப் பிட்டின் தண்டில் மையால் ஒரு கோடு இடுங்கள். வேலை முடிந்ததும் கோடு கீழே இறங்கியிருந்தால் பிட் நழுவியது என்று பொருள்.

நழுவுவதற்கு முதற் காரணம் அளவு மாறுதல். கடைகளில் 6 மி.மீ. தண்டுள்ள பிட்டும், கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. தண்டுள்ள பிட்டும் கலந்தே கிடைக்கின்றன. கால் அங்குலக் காலெட்டில் 6 மி.மீ. பிட் நுழையும், இறுகுவது போலவும் தோன்றும், ஆனால் உறுதியாக நிற்காது. 3 மி.மீ. பிட்டுக்கும் 3.175 மி.மீ. பிட்டுக்கும் இதே தொல்லை. வாங்கும்போதே வெர்னியரால் அளந்து, அதற்கேற்ற காலெட்டையே பொருத்துதல் வேண்டும்.

இரண்டாவது காரணம், பொருத்தும் முறை. காலெட்டை முதலில் ஸ்பின்டிலுக்குள் போட்டுவிட்டு அதன்மேல் நட்டைத் திருகுவது தவறு. சற்றே சாய்த்து நட்டுக்குள் அழுத்தி, ‘டக்’ என்று அது அமர்ந்த பிறகே இரண்டையும் சேர்த்து ஸ்பின்டிலில் ஏற்ற வேண்டும். பிட்டின் தண்டு காலெட்டின் நீளம் முழுவதும் நிறைந்திருத்தல் நன்று. ஆனால் வெட்டும் பள்ளங்கள் காலெட்டுக்குள் புகலாகாது. பிட் இல்லாமல் வெறும் நட்டை இறுக்கினால் காலெட் கெட்டுவிடும். ஒவ்வொரு முறை பிட் மாற்றும்போதும் காலெட்டையும் அது அமரும் கூம்புப் பகுதியையும் துணியால் துடைத்தல் வேண்டும். அங்கே படியும் சிறு தூளே பிடியையும் கெடுக்கிறது, ஆட்டத்தையும் உண்டாக்குகிறது. காலெட் தேயும் பொருள். அதனை மாற்றத் தயங்குவது, கலப்பையை வைத்துக்கொண்டு கொழுவை மாற்றாமல் உழுவதற்கு ஒப்பாகும்.

மரம் கருகுதல்

வேகமாகச் சுழன்றால் வேலை நன்றாக அமையும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை வேறு. ஒவ்வொரு வெட்டு விளிம்பும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மெல்லிய சீவலை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் அது மரத்தைத் தேய்க்கிறது, தேய்த்தால் சூடு, சூட்டினால் மரம் கருகி, பிட்டும் கூர் இழக்கிறது.

கணக்கு இது: இயந்திரம் நிமிடத்திற்கு நகரும் தொலைவைச் சுற்று எண்ணாலும் விளிம்புகளின் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். இரண்டு விளிம்புள்ள 6 மி.மீ. பிட் நிமிடத்திற்கு 18,000 சுற்றுச் சுழன்று 900 மி.மீ. நகர்கிறது என்று கொள்வோம். 900ஐ 36,000ஆல் வகுத்தால் 0.025 மி.மீ. இது மிக மெல்லிய சீவல். 12,000 சுற்றுக்குக் குறைத்து, நகர்வை 1,800 மி.மீ. ஆக்கினால் 0.075 மி.மீ. வரும், மரத்துக்கு இது தகும். சிறு இயந்திரம் அவ்வேகத்தில் அதிர்ந்தால், ஒரு முறையில் வெட்டும் ஆழத்தைக் குறைக்கலாம். கணக்குப் போட விரும்பாதவர்கள் தூளைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். மாவு போல் இருந்தால் பிட் தேய்க்கிறது. சிறு சிறு செதில்களாக இருந்தால் வெட்டுகிறது. அதற்காகச் சுற்று எண்ணை மிகவும் தாழ்த்திவிடவும் கூடாது. தாழ்ந்த வேகத்தில் ஸ்பின்டிலின் ஆற்றல் குறையும்; தன் விசிறியாலேயே குளிரும் வகையாயின் அதுவும் சூடேறும்.

புதிய பிட்டும் புகைகிறதா? சுழலும் திசையைப் பாருங்கள். மேலிருந்து நோக்கினால் கடிகார முள்ளின் திசையில் சுழல வேண்டும். மாறியிருந்தால், வி.எப்.டி.யிலிருந்து ஸ்பின்டிலுக்குச் செல்லும் மூன்று கம்பிகளில் எவையேனும் இரண்டை மின் பணியாளர் இடம் மாற்றினால் சரியாகும். பழைய வீட்டு உத்திரங்களை வாங்கிச் செதுக்குவோர், உள்ளே ஆணி இல்லை என்று உறுதி செய்துகொள்வது கண்ணுக்கும் நல்லது, பிட்டுக்கும் நல்லது.

ஆட்டம்

6 மி.மீ. பிட்டால் ஒரு நேர்ப் பள்ளம் வெட்டி அகலத்தை அளந்து பாருங்கள். 6.3 மி.மீ. என்று வந்தால் ஆட்டம் இருக்கிறது. வேறு பிட், வேறு காலெட் மாற்றிச் சோதித்தும் மாறாவிட்டால், பிட் இல்லாமலே ஓடவிட்டுக் கேளுங்கள். ஊளையிடும் ஓசையும் மூக்குப் பகுதியில் மிகுந்த சூடும் இருந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. இதற்கு மட்டும் வெளியே அனுப்பத்தான் வேண்டும்.

சுழற்சி நிற்றல்

வி.எப்.டி. வைத்த இயந்திரமாயின் அதன் சிறு திரையில் தோன்றும் எழுத்தைக் குறித்துக்கொண்டு கையேட்டில் பாருங்கள். மாலை வேளைகளில் மின்னழுத்தம் குறைந்தால் பெட்டி தானே நிறுத்திவிடும். அது கோளாறன்று, காவல். நீரால் குளிர்விக்கும் ஸ்பின்டிலுக்கு நீர் ஓடாமல் ஒரு வேலையும் தொடங்கலாகாது.

புதிதாக வி.எப்.டி. மாற்றியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 24,000 சுற்று ஸ்பின்டில் 400 ஹெர்ட்ஸுக்கென்று செய்யப்பட்டது. பெட்டியின் அடிப்படை அலைவெண் 50 ஹெர்ட்ஸ் என்றே விடப்பட்டால், முழு மின்னழுத்தமும் தாழ்ந்த வேகத்திலேயே பாய்ந்து சுருள் எரிந்துவிடும்.

ஜி.ஆர்.பி.எல். என்னும் கட்டுப்பாட்டு மென்பொருளில் இயங்கும் மேசை இயந்திரங்களில், வெட்டாமல் விரைந்து நகரும்போது மட்டும் சுழற்சி நின்றால், லேசர் முறைக்கான 32ஆம் அமைப்பு 1 என்றிருக்கிறதா எனப் பாருங்கள். செதுக்கு வேலைக்கு அது 0 ஆக இருத்தல் வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கும் ஒரு சொல். பம்புசெட்டுக்கு அளிக்கப்பட்ட இலவச மின் இணைப்பிலிருந்து இவ்வியந்திரத்திற்குக் கம்பி இழுப்பது விதிமீறல். முறையான இணைப்புக்கு விண்ணப்பிக்க அவர்களுக்கு உதவுங்கள். கூடத்தைப் பார்வையிடச் செல்லும்போது, ஸ்பின்டிலின் உடலுக்கு நில இணைப்பு உண்டா என்றும், தூளை உறிஞ்சும் குழாயும் மூக்குத் துணியும் உண்டா என்றும் கேளுங்கள். வாகை மரத்தின் தூள் விடாத தும்மலை வரவழைக்கும். அடுத்த வீட்டாரின் முறையீடு பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்கும்.