வாக்கெடுப்பில் தோற்ற பேச்சு: நாடாளுமன்ற உறுப்பினரின் பணியைக் கற்பித்தல்

பட்டதாரி ஆசிரியர் (சமூக அறிவியல்), ஏனாத்தூர், காஞ்சிபுரம் மாவட்டம்

பத்தாம் வகுப்புக் குடிமையியலில் நடுவண் அரசு பற்றிய பாடத்தை நடத்தி முடித்த பிறகு மாணவர்கள் மனத்தில் நிற்பவை பெரும்பாலும் எண்கள்தாம். மாநிலங்களவையின் அதிகபட்ச உறுப்பினர் எண்ணிக்கை 250, பதவிக்காலம் 6 ஆண்டுகள், உறுப்பினராகக் குறைந்தபட்ச வயது 30. தேர்வுக்கு இவை தேவைதான். ஆனால், "அந்த உறுப்பினர் அவைக்குள் போய் என்ன செய்கிறார்?" என்று கேட்டால், "சட்டம் இயற்றுகிறார்" என்ற ஒரு வரியோடு விடை முடிந்துவிடுகிறது. "ஆளுங்கட்சியில் இல்லாதவர், போதிய எண்ணிக்கை பலம் இல்லாதவர் என்ன செய்வார்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

இந்த மாணவர்கள் இன்னும் மூன்றே ஆண்டுகளில் வாக்காளர் ஆகப்போகிறவர்கள். தாம் தேர்ந்தெடுப்பவரின் பணியை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்று தெரியாமலே அவர்கள் நம் பள்ளியை விட்டுப் போகக் கூடாது. இதற்கான நல்ல சான்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து மாநிலங்களவைக்கு

அறிஞர் அண்ணா 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் பிறந்தவர். 1957இல் காஞ்சிபுரம் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962 தேர்தலில் அதே தொகுதியில் தோற்றார். அந்த ஆண்டே மாநிலங்களவை உறுப்பினராகி 1967 வரை அங்கே பணியாற்றினார். 1963இல் அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம், ஆட்சிமொழி மசோதா ஆகியவற்றின் மீது அவர் நிகழ்த்திய உரைகள் பலரும் அறிந்தவை. வகுப்பறைக்கு மிகவும் பொருத்தமானது அதே ஆண்டில் நடந்த இன்னொரு விவாதம். அது மதராஸ் மாநிலத்தின் பெயரை மாற்றுவது பற்றியது.

இதன் பின்னணியை முதலில் சொல்லிவிட வேண்டும். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடுவது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956இல் விருதுநகரில் உண்ணாநோன்பு இருந்த சங்கரலிங்கனார், அக்டோபர் 13 அன்று உயிர்நீத்தார். பின்னர் இந்தப் பெயர்மாற்றத்துக்காக மாநிலங்களவையில் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தவர் பூபேஷ் குப்தா. அவர் மேற்கு வங்கத்தைச் சேர்ந்தவர், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர். அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும் மசோதா கொண்டுவரலாம் என்பதை மாணவர்கள் இங்கே முதன்முறையாக அறிகிறார்கள். அதை ஆதரிக்க ஒரே மாநிலத்தவராகவோ ஒரே கட்சியினராகவோ இருக்க வேண்டியதில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும்.

அண்ணா அந்த மசோதாவை ஆதரித்துப் பேசினார். பெயர் மாற்றுவதால் என்ன கிடைத்துவிடும் என்ற கேள்வி அவையில் எழுந்தது. நாடாளுமன்றத்தின் அவைகளை லோக்சபா, ராஜ்யசபா என்றும், குடியரசுத் தலைவரை ராஷ்டிரபதி என்றும் அழைக்கத் தொடங்கியபோது என்ன கிடைத்ததோ, அதுதான் இதிலும் கிடைக்கும் என்பது அவர் தந்த விடையின் சாரம். பெயர் பழமையானதுதானா என்ற ஐயத்துக்குத் தமிழ் இலக்கியங்களிலிருந்து சான்று காட்டினார். மதராஸ் என்பது தலைநகரின் பெயர், மாநிலத்தின் பெயர் அன்று என்றும் வாதிட்டார்.

அந்த மசோதா தோற்றது.

"தோத்துட்டாங்களே டீச்சர், அப்புறம் எதுக்குப் பேசணும்?" என்று என் வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். பாடத்தின் மையமே இந்தக் கேள்விதான். நாமாக விடை சொல்லாமல், கரும்பலகையில் ஒரு காலக்கோடு வரைந்தால் போதும்.

1956 – சங்கரலிங்கனார் மறைவு.
1963 – மாநிலங்களவையில் தனிநபர் மசோதா தோல்வி.
1967 ஜூலை 18 – அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றத்தில் பெயர்மாற்றத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேற்றம்.
1968 – நாடாளுமன்றத்தில் பெயர்மாற்றச் சட்டம் நிறைவேற்றம்.
1969 ஜனவரி 14 – தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வருதல்.

அவையில் கேட்ட கேள்வியும் அதற்குச் சொன்ன விடையும் பதிவேட்டில் இருக்கின்றன. 1963இல் எண்ணிக்கை போதவில்லை. ஆனால் வாதம் அழியவில்லை. ஐந்தே ஆண்டுகளில் அதே நாடாளுமன்றம் அதே மாற்றத்தை ஏற்றுக்கொண்டது. ஓர் உறுப்பினரின் பங்களிப்பை அன்றைய வாக்கெடுப்பை மட்டும் வைத்து அளக்க முடியாது என்பதை மாணவர்கள் இந்தக் கோட்டைப் பார்த்துத் தாங்களே சொல்கிறார்கள். ஆண்டுதோறும் ஜூலை 18 அன்று தமிழ்நாடு நாள் போட்டிகளுக்கு மாணவர்களைத் தயார் செய்யும்போதும் இந்தக் காலக்கோடு பயன்படும்.

குழு அறையில் நடப்பது

அவையில் பேசுவது உறுப்பினர் பணியின் ஒரு பாதிதான். மறுபாதி குழுக்களில் நடக்கிறது. இதை விளக்க நமக்கு உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து (கி.பி. 919, 921) கல்வெட்டுகளில் குடவோலை முறை வருவதை எல்லாரும் நடத்துகிறோம். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வேலையைப் பிரித்துக்கொண்டதையும், கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வுபெற முடியாது என்ற விதியையும் சற்று அழுத்திச் சொன்னால், குழு என்றால் என்ன என்பது மாணவர்களுக்குப் புரிந்துவிடும். அந்தச் சபையில் பெண்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்றைய நாடாளுமன்றத்தில் துறைசார் நிலைக்குழுக்கள் 24 உள்ளன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என 31 உறுப்பினர்கள். இவை 1993இல் தொடங்கப்பட்டு 2004இல் விரிவாக்கப்பட்டன. குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும். வல்லுநர்களையும் பாதிக்கப்படுவோரையும் கேட்கும். கூட்டங்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தவை அல்ல. ஆனால் அறிக்கை அவையில் வைக்கப்படும். உடன்படாத உறுப்பினர் தம் மாறுபட்ட கருத்தையும் அதில் பதிவு செய்யலாம்.

விவாதமும் குழுவும் சேர்ந்து இயங்குவதற்குத் தமிழ்நாட்டோடு தொடர்புடைய அண்மைச் சான்று ஒன்று உண்டு. திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24 அன்று நிறைவேற்றியது. ஓர் அவை தனிநபர் மசோதாவை நிறைவேற்றியது பல ஆண்டுகளில் அதுவே முதல்முறை. ஆனாலும் அது சட்டமாகவில்லை. 2016இல் அரசே வேறொரு மசோதா கொண்டுவந்தது. அதில் திருநர் என்போர் முழுமையாக ஆணும் அல்லாத, முழுமையாகப் பெண்ணும் அல்லாத ஒருவர் என்ற வகையில் வரையறுக்கப்பட்டிருந்தனர். மசோதாவை ஆராய்ந்த சமூகநீதி மற்றும் அதிகாரமளித்தல் நிலைக்குழு, 2017 அறிக்கையில் இந்த வரையறையைக் குறைகூறியது. 2019இல் நிறைவேறிய சட்டத்தில் வரையறை வேறாக இருந்தது. பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு தம் பாலினம் பொருந்தாதவர் என்று அது மாறியிருந்தது. குழுவின் பரிந்துரைகள் அனைத்தும் ஏற்கப்படவில்லை. ஆயினும் சட்டத்தில் ஒரு சொற்றொடர் மாறினால் யாருடைய வாழ்க்கை மாறுகிறது என்பதை மாணவர்கள் இதில் உணர்வார்கள்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

செயல்பாடு 1: விவாதம் படித்தல் (ஒரு பாடவேளை). மாநிலங்களவை விவாதப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு விவாதத்திலிருந்து ஒரு பக்க அளவுக்கு எடுத்து எளிய தமிழில் தாருங்கள். எழுந்த கேள்வி, சொல்லப்பட்ட விடை, காட்டப்பட்ட சான்று என்று மூன்று கட்டங்களில் மாணவர்கள் நிரப்பட்டும். மூன்றாம் கட்டம் காலியாக இருந்தால், அந்தப் பேச்சு எப்படிப்பட்டது என்று அவர்களே முடிவு செய்வார்கள்.

செயல்பாடு 2: மாதிரிக் குழு விசாரணை (இரண்டு பாடவேளைகள்). பொருள்: விசைத்தறிச் சேலை கைத்தறிப் பட்டு என்று விற்கப்படுவது. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கும் சட்டம் 1985இல் இயற்றப்பட்டது என்பதையும், காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு என்பதையும் முதலில் கூறுங்கள். ஏழு மாணவர்கள் குழு உறுப்பினர்கள். நெசவாளர், கூட்டுறவுச் சங்க அலுவலர், ஜரிகை வியாபாரி, கடைக்காரர், சேலை வாங்குபவர், கைத்தறித் துறை அலுவலர் ஆகியோர் சாட்சிகள். கேள்விகளை முதல்நாளே எழுதி வரவேண்டும். முடிவில் பத்து வரி அறிக்கையும், இருந்தால் ஒரு மாறுபட்ட கருத்தும் தரவேண்டும்.

நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள் இந்தச் செயல்பாட்டில் தலைநிமிர்கிறார்கள். பாவு, ஊடை, கோர்வை என்று அவர்கள் பேசும்போது மற்றவர்கள் குறிப்பெடுக்கிறார்கள். மதிப்பெண்ணில் பின்தங்கிய மாணவி குழுவின் முன் நிபுணராக உட்காரும் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இதைச் செய்து பார்க்கலாம்.

செயல்பாடு 3: தொடக்க வகுப்புகளுக்கு. நாடாளுமன்றம் என்ற சொல்லே தேவையில்லை. "விளையாட்டு நேரத்தில் பந்து யாரிடம் இருக்க வேண்டும்?" என்பதே போதுமான பொருள். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது, காரணம் சொல்வது, முடிவைப் பலகையில் எழுதுவது என்று மூன்றே விதிகள். கிராம சபைக்குப் போய்வந்த பெற்றோரிடம் அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்டு வரச் சொல்லலாம்.

கவனிக்க வேண்டியவை

அரசியல் தலைவர்களின் பேச்சை வகுப்பில் எடுப்பதில் நம்மில் பலருக்குத் தயக்கம் உண்டு. அது நியாயமான தயக்கம்தான். மூன்று எல்லைகளை வைத்துக்கொண்டால் சிக்கல் வராது. முதலாவது, கட்சியைப் பற்றிப் பேசாமல் பதிவில் உள்ள வாதத்தைப் பற்றி மட்டுமே பேசுவது. இரண்டாவது, எதிர்த்துப் பேசியவரின் வாதத்தையும் அதே அளவில் தருவது. மூன்றாவது, யார் பேசியது சரி என்ற தீர்ப்பை ஆசிரியர் சொல்லாமல் விடுவது.

மதிப்பீட்டு வினாக்கள்

1. தோற்றுப்போன மசோதா ஒன்றின் மீதான விவாதம் பின்னாளில் எவ்வாறு பயன்படும்? ஒரு சான்று தருக.
2. அவை விவாதத்துக்கும் குழு விசாரணைக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டு கூறுக.
3. உங்கள் தொகுதி உறுப்பினர் அவையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை எழுதுக. அதற்கு நீங்கள் தரும் சான்று என்ன?

மூன்றாவது வினாவுக்கு வரும் விடைகளைத் தொகுத்து வையுங்கள். பேருந்து நேரம், ஏரிக்கரை, பட்டுநூல் விலை என்று அவர்கள் எழுதுவதைப் படித்தால், குடிமையியல் இந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று நமக்கே தெரியும். காஞ்சிபுரத்திலுள்ள அண்ணா நினைவு இல்லத்துக்குக் களப்பயணம் செல்லும் பள்ளிகள், அந்தக் கேள்விகளோடு மாணவர்களை அழைத்துச் செல்லலாம்.