பழைய பாமாலை, நாட்டு மெட்டு

கேள்வி: பழைய ஆங்கிலப் பாமாலைகளை இப்போது கிட்டார், பேஞ்சோ வைத்து நாட்டுப்புற மெட்டில் பாடுகிறார்களே, இது தகுமா?

பதில்: தாராளமாகத் தகும். புதிய பழக்கமும் அல்ல. 'அமேசிங் கிரேஸ்' பாடலை ஜான் நியூட்டன் எழுதியது 1772இல். உலகமே இன்று பாடும் மெட்டு அதனுடன் சேர்ந்ததோ 1835இல், அமெரிக்காவில் வில்லியம் வாக்கர் தொகுத்த 'சதர்ன் ஹார்மனி' நூலில்.

இங்கிலாந்தில் 1906இல் வெளியான 'இங்கிலீஷ் ஹிம்னல்' நூலின் இசைப் பதிப்பாசிரியர் ரால்ஃப் வான் வில்லியம்ஸும் இதைத்தான் செய்தார். சர்ரே கிராமத்தில் ஒரு முதியவர் பாடக் கேட்ட ஏரோட்டிப் பையன் பாட்டின் மெட்டைப் பெத்லகேம் ஊரைப் பற்றிய கிறிஸ்துமஸ் பாடலுக்குப் பொருத்தினார். ஆங்கிலேயர் இன்றும் அப்படித்தான் பாடுகிறார்கள்.

சூட்சுமம் யாப்பில் இருக்கிறது. எட்டு அசை, ஆறு அசை என மாறி மாறி வரும் 'காமன் மீட்டர்' பாடலை, அதே அளவுள்ள வேறு மெட்டுக்கு எளிதில் மாற்றலாம். 2001இல் 'பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா' குழு 'அமேசிங் கிரேஸ்' வரிகளை 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' மெட்டில் பாடியது. சீரழிந்த வாழ்வைப் புலம்பும் நாட்டுப்பாட்டு அது! ஆனால் நியூட்டனே அடிமைக் கப்பலின் தலைவராக இருந்தவர். அந்தச் சோகம் வரிகளோடு கச்சிதமாக ஒட்டுகிறது.

நாஷ்வில் நகரின் 'இன்டெலிபிள் கிரேஸ்' குழு 2000 முதல் பழைய வரிகளுக்குப் புது மெட்டு போட்டுவருகிறது. சபையார் சேர்ந்து பாட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். முடிந்தால் உங்கள் ஆலயத்திலும் தயங்காமல் பாடலாம்.