நாற்றுக்கு டியூப்லைட் போதும்

சாரல் மாதங்களில் வெயிலே இல்லை. அறைக்குள் முளைத்த கத்தரி, மிளகாய் நாற்றுகள் வெளிறி, நெட்டையாகிச் சாய்கின்றன. விளக்கு நானே அமைக்கலாமா?
– வாசகி, கொட்டாரம்

தாராளமாக அமைக்கலாம், சகோதரி. இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் அது வீண் செலவே இல்லை. ஊதா விளக்கு தேடி அலைய வேண்டாம். 6500 கெல்வின் என்று அச்சிட்ட 20 வாட் வெள்ளை எல்இடி டியூப்லைட் இரண்டு போதும். நாற்றுக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் அதிலேயே உண்டு.

உயரம்தான் முக்கியம். அலமாரித் தட்டின் அடியில் கயிறு கட்டி, நாற்று நுனிக்கு அரைச் சாண் மேலே தொங்கவிடுங்கள். வளர வளர உயர்த்துங்கள். முளை தெரிந்த அன்றே விளக்கு எரிய வேண்டும். தினமும் 14 மணி நேரம் எரித்தாலும் அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும். இரவில் அணைத்துவிடுங்கள். தண்ணீர் தெளிக்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். நடுவதற்கு ஒரு வாரம் முன்பே வெளியே நிழலில் வைத்துப் பழக்குங்கள்.