செக்கனுக்கு எத்தனை படம்?

தமிழ் எழுத்துக்களின் மாத்திரைக்கு அளவு கூறப் புகுந்த தொல்காப்பியர், கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் அளவுகோலாகக் கொண்டார். அவ்வளவில் நில்லாது, மெய்யெழுத்துக்கு அரை மாத்திரையும் மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரையும் வகுத்து, கண்ணிமைப் பொழுதையே நான்காகப் பகுத்தனர் நம் இலக்கணகாரர். இன்று ஒன்பதாம் வகுப்பு மாணவன் சட்டைப்பையிற் கொண்டு திரியும் கைத்தொலைபேசி, செக்கனுக்கு 240 படம் எடுக்கவல்லது. கண்ணிமைப்பொழுது கால் செக்கன் எனக் கொண்டால், அதனை அறுபதாகப் பகுக்குங் கருவி அது. இத்துணை நுண்ணிய கருவி கைக்கு எட்டியிருந்தும், விளையாட்டுப் போட்டியையும் வாணி விழாவையும் பரிசளிப்பையும் படமாக்குவோருட் பலர், செக்கனுக்கு எத்தனை படம் எடுத்தல் வேண்டும் என்ற வினாவை எழுப்புவதேயில்லை. கருவி வாங்கிய நாளில் எவ்வெண் அமைந்திருந்ததோ அவ்வெண்ணிலேயே யாவும் எடுக்கப்படுகின்றன. இவ்வினாவைச் சற்று விரிவாக ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

சலனப்படத்தில் உண்மையிற் சலனம் இல்லை. அசையாத படங்கள் விரைந்து ஒன்றன்பின் ஒன்றாக வருங்கால், கண்ணும் மூளையுங் கூடி அவற்றைத் தொடுத்து அசைவாகக் கொள்கின்றன. இப்படங்கள் ஒவ்வொன்றையும் சட்டகம் என்றும், செக்கனுக்கு இத்தனை சட்டகம் என்னும் கணக்கைச் சட்டக வீதம் என்றும் வழங்குவோம். 1878 இல் கலிபோர்ணியாவில் மைபிரிட்ச் என்பார், ஓடுங் குதிரையின் வழியிற் பன்னிரண்டு கமராக்களை வரிசையாக நிறுத்தி, நான்கு குளம்புகளும் ஒருங்கே நிலத்தை விட்டெழும் கணம் உண்டு என்பதைக் காட்டினார். அதுவரை ஓவியர் குதிரையின் கால்களை முன்னும் பின்னுமாக விரித்தே தீட்டி வந்தனர். கண்ணால் தீர்க்க முடியாத வழக்கைச் சட்டகம் தீர்த்து வைத்தது அன்று. 1895 இல் லூமியர் சகோதரர் கையாற் சுழற்றிய கருவி செக்கனுக்கு ஏறத்தாழப் 16 சட்டகம் எடுத்தது. பேசும்படம் வந்தபோது ஒலி ஒரே சீரான வேகத்தில் ஓடவேண்டியதாயிற்று. அதனால் 1920 களின் இறுதியில் 24 நிலைபெற்றது. மெதுவியக்கத்துக்கெனத் தனிக் கருவி ஒன்றை வகுத்து 1904 இல் உரிமைப் பத்திரம் பெற்றவர், ஒஸ்திரிய நாட்டுக் கத்தோலிக்க குருவாகிய ஓகஸ்ற் மூஸ்கர்.

இனி, விடயத்தின் உயிர்நிலைக்கு வருவோம். சட்டக வீதம் ஒன்றன்று, இரண்டு. படம் எடுக்கும் வீதம் ஒன்று. எடுத்ததைத் திரையிற் காட்டும் வீதம் மற்றொன்று. இரண்டும் சமமாயின் நிகழ்ச்சி நிகழ்ந்த வேகத்திலேயே தோன்றும். எடுக்கும் வீதம் மிகுந்தால் அம்மிகுதியின் விகிதப்படி நிகழ்ச்சி மெதுவாகும். செக்கனுக்கு 100 சட்டகமாக எடுத்து 25 ஆகக் காட்டினால், பத்துச் செக்கன் ஓட்டம் நாற்பது செக்கன் நீளும். இசை பயின்ற மாணவர் இதனை எளிதில் விளங்குவர். விளம்பகாலத்தில் ஒரு தாள எண்ணிக்கைக்கு ஒரு சுரம் பாடுவோன், இரண்டாங் காலத்தில் இரண்டும் மூன்றாங் காலத்தில் நான்கும் பாடுகின்றான். அவன் மூன்றாங் காலத்திற் பாடியதை விளம்பத்தில் நீட்டிக் கேட்டால் ஒவ்வொரு சுரமும் தெளிவாக விளங்கும். விளம்பத்திற் பாடியதை மேலும் நீட்டினாலோ, இடையில் வெறுமையே எஞ்சும்.

அவ்வெறுமைதான் பலருக்குப் பின்னர்த் தெரியவரும் இடர். செக்கனுக்கு 25 ஆக எடுத்த படத்தைக் கணினியில் நான்கு மடங்கு மெதுவாக்கினால், ஒவ்வொரு சட்டகமும் 0.16 செக்கன் திரையில் நின்று அடுத்ததற்குத் தாவும். காட்சி தத்தித் தத்தி நடக்கும். இக்குறையை மறைக்கும் மென்பொருள்களும் உள. அவை இரு சட்டகங்களை ஒப்பிட்டு, இடையில் இருந்திருக்கக்கூடிய படங்களைத் தாமே ஆக்கிச் செருகும். அலங்காரத்துக்கு அது தக்கதே. திருமணக் காட்சியிற் பூச்சொரிதலை அவ்வாறு நீட்டுவதில் எவர்க்கும் இழப்பில்லை. ஆயின் அப்படங்கள் கமரா கண்டவையல்ல, கணினி ஊகித்தவை. எதனையேனும் நிறுவுதற்கு அவை சான்றாகா. ஆகையால் மெதுவாகக் காட்டவேண்டியது எது என்பதைப் படமெடுக்கும் முன்னரே தீர்மானித்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் எல்லாவற்றையும் 240 இலேயே எடுத்து வைத்தால் என்ன என்று மாணவர் வினவக்கூடும். முதல் விடை ஒளி. ஒரு சட்டகத்துக்குக் கிடைக்கும் நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரம் கமராவின் கண் திறந்திருத்தல் நெடுநாளைய வழக்கு. 25 சட்டகத்துக்கு 1/50 செக்கன், 100 க்கு 1/200, 240 க்கு 1/480. திறந்திருக்கும் நேரம் குறையுந்தோறும் ஒளியும் அவ்வளவிற் குறையும். 25 இல் எடுக்கும்போது வரும் ஒளியிற் பத்திலொரு பங்குதான் 240 இல் வரும். முற்பகல் வெயிலில் மைதானத்தில் இது பொருட்டன்று. மாலையில் மண்டபத்துள்ளோ படம் இருண்டு, கருவி அதனை வலிந்து வெளிறச் செய்ய, முகமெல்லாம் மணல் தூவினாற்போலப் புள்ளியாகும். இரண்டாவது, அசைவின் தோற்றம். 1/50 செக்கனில் வீசுங் கை சற்று மங்கலாகப் பதிந்து, அடுத்த சட்டகத்தோடு இழைந்து செல்லும். 1/480 இல் எடுத்ததைச் சட்டகம் நீக்கி இயல்பான வேகத்துக்குக் கொணர்ந்தால், ஒவ்வொரு படமும் கூர்மையாக நின்று அசைவு வெட்டி வெட்டித் தோன்றும். மூன்றாவது, ஒலி. பாதி வேகத்தில் ஓட்டிய ஒலி ஒரு தாயி கீழிறங்கும். நான்கிலொன்றாயின் இரண்டு தாயி. வாணி விழா மேடையில் பரதநாட்டியத்தை மெதுவியக்கத்தில் எடுப்போருக்கு ஒரு சொல்: அடவு தாளத்தில் வாழ்வது. மிருதங்கத்தையும் சலங்கையையும் விட்டுப் பிரித்த பாதம் அழகாயிருக்கலாம். அது நடனமன்று என்பதே எமது கருத்து.

மண்டபத்தில் எடுப்பதற்கு வேறோர் இடையூறும் உண்டு. அது நாட்டுக்கு நாடு வேறுபடுவதாதலின், வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர் சிறப்பாக அறியவேண்டியது. நமது மின்சாரம் ஆடலோட்டம். செக்கனுக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை உச்சம் பெறுதலின், பழைய குழல்விளக்கும் மலிவான எல்.ஈ.டி. விளக்கும் செக்கனுக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. கண்ணுக்கு அது தெரியாது, கமராவுக்குத் தெரியும். கண் திறந்திருக்கும் நேரம் 1/50 செக்கனாயின் ஒவ்வொரு சட்டகத்துக்கும் சரியாக இரண்டு துடிப்பு, 1/100 ஆயின் ஒன்று. எல்லாச் சட்டகமும் ஒரே ஒளி பெறும். கனடாவிலோ மின்சாரம் 60 சுற்று. ரொறன்ரோவிலிருந்து வருபவர் அங்குப் பழகியபடி 30 சட்டகமும் 1/60 செக்கனுமாக வைத்து இங்கு எடுத்தால், ஒரு சட்டகத்துக்கு ஒன்றும் மூன்றிலிரண்டும் ஆகிய துடிப்பளவு கிடைத்து, ஒளி ஏறியும் இறங்கியும் படத்திற் கருமையான பட்டைகள் ஊர்ந்து செல்லும். 30 ஐ மாற்றவேண்டுவதில்லை. திறப்பு நேரத்தை 1/50 அல்லது 1/100 ஆக்கினாற் போதும். ஆனால் 120, 240 ஆகிய வீதங்களில் ஒரு சட்டகத்தின் முழு நேரமுமே 1/100 செக்கனுக்குக் குறைவு. ஒரு முழுத் துடிப்பு அதனுள் அடங்காது. அத்தகைய விளக்கின் கீழ் அவ்வீதங்களில் எடுத்த மெதுவியக்கம் துடித்துக்கொண்டேயிருக்கும். 100 சட்டகம் எடுக்கவல்ல கருவியாயின் 1/100 இல் எடுக்கலாம். அன்றேல் பகலொளியை நாடுக. குத்துவிளக்கின் சுடர் காற்றில் ஆடினும் இத்துடிப்பு அதற்கில்லை என்பதையும் ஈண்டுக் குறித்துச் செல்கின்றோம்.

காட்டும் வீதத்தைத் தெரிவதும் இம்மின்சார வேறுபாட்டோடு தொடர்புடையதே. 50 சுற்று நாடுகள் தொலைக்காட்சிக்கு 25 சட்டகத்தையும், 60 சுற்று நாடுகள் 30 ஐயும் ஏற்றன. பின்னையதும் 1953 இல் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சிக்கு முறை வகுத்தபோது 29.97 ஆகச் சுருங்கிற்று. 1979 இல் தொலைக்காட்சி தொடங்கிய நம் நாடு 25 இன் வழியது. யூபிலிப் படம் ஒன்றுக்குக் கொழும்பிலும் இலண்டனிலும் எடுத்தவை 25 இலும், ரொறன்ரோவில் எடுத்தவை 30 இலும் வந்து சேர்ந்தால், தொகுப்பவர் 30 இல் ஆறுக்கொன்றாகச் சட்டகம் நீக்க நேரும். மேடையில் அசையாது நின்று பேசுவோரை எடுத்ததாயின் ஒருவரும் அறியார்; கமரா பக்கவாட்டிற் திரும்பும்போது, கல்லில் ஏறிய வண்டிபோல் காட்சி இடறும். தொகுப்புக்கு ஒரே வீதத்தை முன்கூட்டியே அறிவித்தல் ஒரு கடிதத்தில் முடியும் வேலை. சில கைத்தொலைபேசிகளில் 25 என்னும் தெரிவு அமைப்புப் பக்கத்தில் மறைந்திருக்கும். தேடித் திறத்தல் வேண்டும். மெதுவியக்கத்துக்கு முழுவெண் விகிதமே நன்று. 25 க்கு 50 உம் 100 உம் பொருந்தும். 30 க்கு 60, 120, 240 பொருந்தும். 24 க்கு 120 ஐந்து மடங்கு. 60 ஐ 25 இற் காட்டினால் 2.4 மடங்கு மெதுவாகும். சட்டகத்துக்குச் சட்டகம் ஓட்டினால் அதுவும் வழுவழுப்பாகவே செல்லும். ஆயின் சரிபாதி வேகம் வேண்டுமென்று வற்புறுத்தினால் இடறும்.

இவ்வளவும் அழகு பற்றியது. உண்மை பற்றியதற்குத் துடுப்பாட்டத்தை விடச் சிறந்த எடுத்துக்காட்டு நமக்கு இல்லை. மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து செக்கனுக்கு 25 மீற்றர் செல்லும். செக்கனுக்கு 25 சட்டகம் எடுக்குங் கமராவில், ஒரு சட்டகத்துக்கும் மறு சட்டகத்துக்கும் இடையில் அது ஒரு மீற்றர் கடந்துவிடும். அந்த ஒரு மீற்றருள் துடுப்பிற் பட்டதா, காலிற் பட்டதா என்பதைப் படம் அறியாது. 100 ஆயின் இடைவெளி 25 சதமமீற்றர். 250 ஆயின் 10. திறப்பு நேரமும் கணக்கில் வரும்: 1/50 செக்கனில் பந்து அரை மீற்றர் நீளக் கோடாகப் பதியும், 1/1000 இல் அக்கோடு இரண்டரைச் சதமமீற்றர், பந்தின் விட்டத்திற் பாதிக்குங் குறைவு. வீதத்தை உயர்த்தித் திறப்பு நேரத்தைக் குறைக்காது விட்டவன் நூறு மங்கற் படங்களைப் பெறுவான்.

1995 டிசம்பர் 26 இல் மெல்பேண் மைதானத்தில் முத்தையா முரளிதரனின் பந்துகளை நடுவர் ஒருவர் ஏழுமுறை எறிபந்து எனத் தீர்த்தமை நம்மவர் எவர்க்கும் மறக்கற்பாலதன்று. 1996 இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அவர் கை ஆராயப்பட்டது. பிறப்பிலேயே முழங்கை முற்றும் நிமிராத கை அது. எறிவது போன்ற தோற்றம் கண்மயக்கே என ஆய்வாளர் முடிவு செய்தனர். விதி கேட்பது, கை தோள்மட்டத்தை அடைந்த கணமுதல் பந்து விடுபடுங் கணம்வரை முழங்கை நிமிர்கின்றதா என்பதை. அவ்விடைவெளி ஏறத்தாழப் பத்திலொரு செக்கன். 25 சட்டகக் கமராவுக்கு அது இரண்டு அல்லது மூன்று படம். 240 க்கு இருபத்துநான்கு. அன்று உலகெங்கும் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் ஓட்டப்பட்ட மெதுவியக்கக் காட்சிகள் பலர் மனத்திற் தீர்ப்பை எழுதின. ஆய்வுகூடக் கணக்கு வேறாக இருந்தது. அதன்பின் நிகழ்ந்த ஆய்வுகளின் பயனாக, 2005 இலிருந்து 15 பாகை வரையான நிமிர்வைச் சர்வதேசத் துடுப்பாட்டச் சபை அனுமதித்தது. அச்சிறு நிமிர்வு வெறுங் கண்ணுக்குப் புலனாகாது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று.

இன்று பாடசாலை ஆட்டங்களிலும் எல்லைக்கோட்டுக்கப்பால் நின்று கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு துண்டைக் காட்டி, ‘இவன் எறிகின்றான்’ என்று ஒரு மாணவனைத் தீர்ப்பளிப்போர் தோன்றியிருக்கின்றனர். 30 இல் எடுத்ததைக் கணினியால் நீட்டிய துண்டாயின், அதில் முழங்கையை நிமிர்த்தியது பிள்ளையா, மென்பொருளா என்று யார் கூறவல்லார்? 240 இல் எடுத்ததாயினும், ஒரே கமரா ஒரே பக்கத்திலிருந்து காண்பது தட்டையான உருவம். வளைந்தபடியே சுழலுங் கை, சுழற்சியின் ஒரு நிலையில் வளைவாகவும் மறுநிலையில் நேராகவும் தோன்றும். ஆய்வுகூடங்கள் பல கமராக்களைச் சுற்றி நிறுத்துவது இக்காரணம் பற்றியே. மெதுவியக்கம் காண்போர் மனத்தையுஞ் சாய்க்கும். 2016 இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் வெளியான ஆய்வில், ஒரு செயலை மெதுவாகக் கண்டோர், அதே செயலை இயல்பான வேகத்திற் கண்டோரினும் மிகுதியாக அதனை வேண்டுமென்றே செய்ததாகக் கருதினர். திரையில் நீண்ட நேரத்தைச் செய்தவன் எண்ணிப் பார்த்த நேரமாக மனம் மயங்குகின்றது போலும்.

பயிற்றுநர் திருத்தத்துக்காக எடுப்பதாயின், பகலில், 240 சட்டகத்தில், 1/1000 செக்கனோ அதினுங் குறைவோ வைத்து, பக்கத்தில் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரு கருவிகளைத் தாங்கியில் நிறுத்தி எடுக்கலாம். பையனுக்கு முதலில் இயல்பான வேகத்திலும் பின்னர் மெதுவாகவும் காட்டுக. மூலக் கோப்பை வெட்டாது வைத்து, எடுத்த வீதத்தையும் திறப்பு நேரத்தையும் நாளையும் அதன் பெயரோடு எழுதிவிடல் வேண்டும். எவ்வீதத்தில் எடுத்தது என்று தெரியாத துண்டை எவர் கொணர்ந்தாலும் அவனைப் பற்றிய பேச்சில் அதனை எடுத்துக்கொள்ளலாகாது.